பத்துக்குப் பத்து, எல்லாருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்முறைப் பாடத்துக்கான ரெக்கார்டு நோட்டைத் தேதி தவறிக் கொண்டுவரும் பிள்ளைகளுக்குச் சுழியம் போட்டால்தான் புத்தி வரும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எட்டாம் வகுப்பு வரை எல்லாரையும் தேர்ச்சி போட்டதன் பலன் இது என்றும் சொல்லியிருந்தார். திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தாவரவியல் நடத்துகிறேன். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். அவருடைய கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடம் என்றால் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, பள்ளியே போடும் அகமதிப்பீட்டுக்கு, அதாவது இன்டர்னலுக்கு, 10. இந்தப் பத்தில் வருகைக்கு 2, பள்ளியில் வைக்கும் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு, செயல்திட்டம் போன்றவற்றுக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று எந்த ஸ்டாஃப் ரூமில் கேட்டாலும் தெரியும். “இன்டர்னல்ல கைவைக்காதீங்க டீச்சர்” என்பார்கள். அவ்வளவுதான், எல்லாருக்கும் பத்து. எழுத்தில் 15, மொத்தத்தில் 35 இருந்தால் தேர்ச்சி. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 30 கையில் இருந்துவிட்டால் அப்புறம் எழுத்தில் 15 எடுத்தால் போதும். பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டை வைத்து ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரை எழுப்பி நிறுத்தும் வழக்கம் இருக்கும்வரை யாரும் இதில் கைவைக்க மாட்டார்கள். நானும் வைத்ததில்லை, பல வருடங்களாக. பெருமையாகச் சொல்லவில்லை.

ஒரு வருடம் வகுப்பிலேயே முதலாவதாக ரெக்கார்டு வைக்கும் பெண் ஒருத்தி மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட வந்தாள். பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “எல்லாருக்கும் பத்துதானா டீச்சர்?” என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “போய்ப் படிம்மா” என்று அனுப்பிவிட்டேன். எனக்கு வேறு பதில் இல்லை.

அதே பெண்ணின் ரெக்கார்டில்தான் இன்னொன்றும் கண்டேன். முதிர்ந்த மகரந்தப்பையின் குறுக்குவெட்டுப் படத்தில் எண்டோதீசியத்தையும் டபீட்டத்தையும் இடம் மாற்றிப் பெயர் எழுதியிருந்தாள். வெளி அடுக்குக்கு உள் அடுக்கின் பெயர், உள்ளுக்கு வெளியின் பெயர். சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தேதி தாண்டிய நோட்டுகள் ஒரு கட்டாக என் மேஜைக்கு வந்தன. 19 நோட்டில் அதே தவறு, அதே இடத்தில். நான் திருத்துவதற்கு முன்பே யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அழகான படங்கள், பென்சில் நிழல் எல்லாம் கச்சிதம். அதில் ஒருவர்கூட நுண்ணோக்கியில் அந்த ஸ்லைடைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கட்டிலேயே கடைசியாக ஒரு நோட்டு இருந்தது. ஓரமெல்லாம் ஈரம் பட்டுச் சுருண்டிருந்தது. படம் கோணல்தான், ஆனால் அடுக்குகளின் பெயர்கள் சரி. நிலக்கோட்டைப் பக்கத்துப் பையன். விடிவதற்கு முன்பே அம்மாவோடு மல்லிகைத் தோட்டத்துக்குப் போய்விடுவான். மொட்டு விரிவதற்குள் பறித்துச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். பனி மாதங்களில் பூ குறைவு, விலை அதிகம், அப்போது ஒரு நாள் லீவு போட்டால் வீட்டில் அடி விழும். மதிய இடைவேளையில் லேபுக்கு வந்து அவனே ஸ்லைடை மாட்டிப் பார்த்து வரைந்திருக்கிறான். அதனால்தான் இரண்டு வாரம் பிந்தியது.

சென்ற வாரக் கடிதக்காரர் சொல்கிறபடி பார்த்தால் 20 பேருக்கும் சுழியம். எங்கள் வழக்கப்படி பார்த்தால் 20 பேருக்கும் முழு மதிப்பெண். இரண்டிலும் அந்தப் பையனும் அந்த 19 பேரும் ஒன்றுதான். பிந்தி வந்தது ஒரு விஷயம், தெரிந்திருக்கிறதா என்பது இன்னொரு விஷயம். இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டு அமுக்குவதுதான் என் ஆட்சேபம்.

எட்டாம் வகுப்புக் கதைக்கும் வருகிறேன். 2012-13-ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, பருவம் முழுக்க வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டின் முதல் பகுதிக்கு நான்கு செயல்பாடுகள் வைத்து, அதில் சிறந்த இரண்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். காய்ச்சலில் கிடந்த பிள்ளை இரண்டைத் தவறவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அதை நான் நல்ல இளக்கம் என்பேன். விதியிலேயே எழுதியிருக்கிறது, எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும், யார் காலையும் பிடிக்க வேண்டியதில்லை. கெட்டது விதியால் அல்ல. செய்யாத செயல்பாட்டுக்கும் பதிவேட்டை நிரப்பினோமே, அதனால். தேறாத பிள்ளைகளை அதே வகுப்பிலேயே நிறுத்தி வைக்கலாமா என்ற சண்டை டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே 2024 கடைசியிலும் நடந்தது. நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் பதிவேட்டில் பொய் எழுதினால் பொய்தான்.

இதெல்லாம் பத்து மதிப்பெண் சமாசாரம், விடுங்கள் என்று சக ஆசிரியர்களே சொல்வார்கள். 2021-ஐ நினைவுபடுத்துகிறேன். கொரோனாவில் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தானது. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, மீதி 30 பிளஸ் டூ செய்முறையும் அகமதிப்பீடும் என்று கணக்குப் போட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். எண்ணிப் பார்க்காமல் நாங்கள் அள்ளிக் கொடுத்த அந்த 30 அந்த வருடம் கல்லூரி இடத்தைத் தீர்மானித்தது. இப்போது 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வும் இல்லை. பிள்ளைகளின் மூச்சு முட்டாமல் இருக்கும் என்பதால் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு வருடம் முழுக்கப் பள்ளி போடும் மதிப்பெண்ணை நம்பித்தான் இனிமேல் இருக்க வேண்டும்.

அதனால் கல்வித் துறைக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை. அகமதிப்பீட்டுப் படிவத்தில் ஒப்படைத்த தேதிக்கு ஒரு கட்டம் சேருங்கள். அதை மதிப்பெண்ணோடு கூட்ட வேண்டாம், கழிக்கவும் வேண்டாம், பெற்றோருக்குத் தெரிந்தால் போதும். அப்புறம், ஏழு போட்ட ஆசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பதை விட்டுவிட்டு, ஒருவர் விடாமல் பத்து போட்ட பள்ளிக்கு ஒருநாள் வந்து ரெக்கார்டு கட்டைப் பிரித்துப் பாருங்கள்.

உத்தரவு வரும்வரை காத்திருக்கவில்லை. போன வருடம் நானே ஒன்று செய்து பார்த்தேன். தேதி தாண்டி நோட்டு கொண்டுவருகிறவர் என் எதிரில் உட்கார்ந்து, நான் திறக்கும் பக்கத்தில் இருக்கும் படத்தை நோட்டைப் பார்க்காமல் வரைய வேண்டும். பத்து நிமிடம். திட்டு கிடையாது, பெற்றோரை அழைத்து வா என்பதும் கிடையாது. வரைந்துவிட்டால் முழு மதிப்பெண். 11 பேர் வந்தார்கள். நான்கு பேர் வரைந்தார்கள். மற்ற ஏழு பேரும் லேபுக்குப் போய் ஸ்லைடைப் பார்த்துவிட்டு இன்னொரு நாள் வந்தார்கள். அதில் இரண்டு பேர் மூன்று தடவை வந்தார்கள்.

இதற்கே நான்கு சாயங்காலம் போய்விட்டது. இணையத்தில் மதிப்பெண் பதிவேற்றும் கடைசி நாளை ஒரு நாள் தாண்டிவிட்டேன். தாமதத்துக்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அந்த விளக்கத்தை மட்டும் சொன்ன தேதியில் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.