கண் பரிசோதனை என்றால் எதை?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் சர்க்கரை நோய் பற்றி நீங்கள் போட்டிருந்த சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். காலுக்கு ஒரு பக்கம், சிறுநீரகத்துக்கு ஒரு பக்கம், என்ன சாப்பிடலாம் என்பதற்கு இரண்டு பக்கம். கண்ணுக்கு மட்டும் ஒரே வரி: ‘ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.’

அதைத்தான் என் வீட்டுக்காரர் 14 வருடமாகத் தவறாமல் செய்துவந்தார், கண்ணாடிக் கடையில். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிப்பார், பவரை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். சுகர் கெடுப்பது உள்ளே இருக்கும் விழித்திரையை, சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்த்தால்தான் அது சரியாகத் தெரியும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வலியும் இல்லை. இந்த வருடம் ஒருநாள் ஜன்னல் கம்பி வளைந்திருக்கிறதே என்று எழுந்துபோய்க் கையால் தடவிப் பார்த்தார். கம்பி நேராகத்தான் இருந்தது.

மருத்துவமனையில் முதலில் விழித்திரையை போட்டோ எடுத்தார்கள். சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள். அப்புறம் ஓ.சி.டி. ஸ்கேன்: தாடையை வைத்து ஒரு விளக்கையே பார்க்க வேண்டும், சில நிமிடத்தில் முடிந்தது, ஊசி கிடையாது. ஒளியை அனுப்பி அது திரும்பி வருவதை வைத்து விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டுகிற கருவி, 1991-ல் வந்ததாம். விழித்திரையின் தடிமன் நடுவில் 250 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர் அளவுக்கு இருக்க வேண்டியது இவருக்கு 412. நீர் கோத்துக்கொண்டு இட்லியைப் பிட்டால் தெரிவதுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது.

இனி ‘ஆஞ்சியோ’ எடுக்க வேண்டும் என்றதும் கூட வந்த என் கொழுந்தனார் கவுண்டரில் சண்டைக்குப் போய்விட்டார். "கண்ணைக் காட்ட வந்தா நெஞ்சுக்கு எதுக்குங்க ஆஞ்சியோ? இப்பத்தானே ஸ்கேனுக்குக் கட்டினோம்!" அந்தப் பெண் சொன்ன பதில், "டாக்டர் எழுதியிருக்காரு சார், கட்டிட்டு வாங்க." அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு பரிசோதனை, ஸ்கேன் நீர் எங்கே எவ்வளவு கோத்திருக்கிறது என்று காட்டும், எந்த ரத்தக்குழாய் கசிகிறது, எங்கே ரத்தமே போகவில்லை என்பதைக் கை நரம்பில் சாயம் ஏற்றி எடுக்கும் இந்தப் படம் காட்டும், இதய ஆஞ்சியோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பிற்பாடு டாக்டர் சொன்னதை அங்கேயே சொல்லியிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது. சாயம் இல்லாமல் ஓ.சி.டி.யிலேயே ரத்தக்குழாய்களைப் பார்க்கும் முறையும் இப்போது இருக்கிறது, ஆனால் கசிவை அது காட்டாதாம்.

கையெழுத்து வாங்கிய தாள் முழுக்க ஆங்கிலம். சிலருக்குக் குமட்டும், அபூர்வமாக ஒவ்வாமை வரும், ஒருநாள் தோல் மஞ்சளாகவும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகவும் இருக்கும் என்று அதில் எழுதியிருந்ததை வீட்டுக்கு வந்து மகள் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். அதற்குள் இவர் பாத்ரூமிலிருந்து "ரத்தம் போகுதுடி" என்று கத்தி, பக்கத்து வீடு வரை கூடிவிட்டது!

பரிசோதனைகளை நான் குறை சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் எத்தனை நாள் கண்ணாடியையே மாற்றிக்கொண்டிருந்திருப்போமோ. கண்ணுக்குள் மூன்று ஊசி போட்டாயிற்று, போன ஸ்கேனில் 296. சுகர் உள்ள எல்லோருக்கும் ஓ.சி.டி.யும் ஆஞ்சியோவும் வேண்டியதில்லை. சொட்டு விட்டுப் பார்ப்பதோ விழித்திரை போட்டோவோ போதும், அதில் ஏதாவது தெரிந்தால்தான் மற்றவை. ஆனால் அது கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை இல்லை என்பதையாவது அடுத்தமுறை அந்த ஒரு வரியோடு சேர்த்துப் போடுங்கள். சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது, துணைக்கு ஆளோடு போகச் சொல்லுங்கள். முடிந்தால் கொழுந்தனாரைத் தவிர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்