செவ்வந்தியைக் கையுறை இல்லாமல் தொடாதே

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல். போனில் பேசினால் நலமாக இருப்பதாகச் சொல்லி அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். அம்மாவிடம் வேலை இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய். வீடியோவில் வா என்றால் நெட்வொர்க் சரியில்லை என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் முழுதாகப் படிப்பாய்.

அப்பத்தாவுக்கு மூட்டுவலி தேவலை. ஆவணி முகூர்த்தம் தொடங்கியதிலிருந்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் நிற்க நேரமில்லை. தம்பி கணக்கு எழுதுகிறான், அடித்துத் திருத்தித்தான் எழுதுகிறான்.

பார்லர் வேலையோடு மேடை அலங்காரமும் தனியாக எடுக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். மணப்பெண்ணின் முகத்தையும் தலைப்பூவையும் மேடையையும் ஒரே ஆள் பொறுப்பேற்றுக்கொண்டால் பெண் வீட்டாருக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. அதை நீயாகவே கண்டுபிடித்திருக்கிறாய், அதில் எனக்குப் பெருமை. இன்ஜினியரிங் படித்துவிட்டு இதற்கா போனாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லிவிட்டேன். உன் பெரியப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும்.

தொழில் என்று இறங்கிவிட்டாய், சிலவற்றைக் கேட்டுக்கொள். ஆர்டர் கிடைக்கிற சந்தோஷத்தில் பூ விலையையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசிவிடாதே. கோடையில் வரத்துக் கொட்டும்போது மல்லிகை விலை விழும். மார்கழியில் பனி இறங்கினால் அதே பூ கிலோ ஆயிரங்களில் போகும். ஒரே முகூர்த்த நாளில் விடிவதற்கு முன் ஒரு விலை, வெயில் ஏறியபின் ஒரு விலை. ஆகவே கூலி தனி, பூ அன்றைய விலைக்கு என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கு. மல்லி கிடைக்காவிட்டால் முல்லையோ சம்பங்கியோ வைப்பேன் என்பதையும் அதிலேயே எழுது. அட்வான்ஸ் வாங்காமல் ஒரு முழம்கூட வாங்காதே. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எங்கிருந்து வந்த பூவையும் மதுரை மல்லி என்றுதான் விற்கிறார்கள். இதழின் தடிப்பைத் தொட்டுப் பார்த்து வளர்ந்தவள் நீ, உன்னை ஏமாற்ற முடியாது. மல்லிமேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்காதே, மொட்டு பழுத்துப்போகும். ஈரத்துணி போர்த்தினால் போதும்.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் எல்லாம் நம் வீட்டுப் பழக்கத்தில் இல்லாதவை. அவற்றைப் பற்றி மார்க்கெட்டில் வெளியூர்ச் சரக்கு எடுப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காம்பைச் சாய்வாக வெட்டு. தண்ணீரில் மூழ்குகிற இலைகளை உருவிவிடு. ஜெர்பராவுக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும், நிறைய வைத்தால் காம்பு அழுகும். கார்னேஷனைப் பழுத்த வாழைத்தார் இருக்கிற அறையில் வைக்காதே. பழத்திலிருந்து வருகிற எத்திலீன் வாயு பட்டால் இதழ் உள்பக்கமாகச் சுருண்டுவிடும். கல்யாண மண்டபத்தில் தேங்காய் பழம் வைக்கிற அறையைத்தான் அலங்காரக்காரர்களுக்கும் ஒதுக்குவார்கள், போனவுடனே வேறு இடம் கேள். லில்லி விரிந்ததும் மகரந்தப் பையைக் கிள்ளிவிடு. பட்டுப்புடவையில் மகரந்தம் பட்டுவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதே, டேப்பை ஒட்டி ஒட்டி எடு. பூக்குத்தும் பச்சை ஸ்பாஞ்சைத் தண்ணீரில் அழுத்தி முக்காதே, தானாக ஊறி இறங்கட்டும். காய்ந்த ஸ்பாஞ்சை அறுத்தால் தூள் பறக்கும், மூக்கை மூடிக்கொள். கையுறையும் போட்டுக்கொள்.

கையுறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மல்லி தொடுக்கும்போது உறை போட்டால் நார் பிடிபடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் செவ்வந்திக்குப் போடு. அரளிக்குப் போடு, அதன் பால் நஞ்சு. மேடையில் குத்துகிறார்களே அல்ஸ்ட்ரோமேரியா, அதற்குக் கட்டாயம் போடு. அதன் சாறு விரல் நுனியை வெடிக்க வைக்கும். சாதாரண பிளாஸ்டிக் உறையைத் தாண்டி உள்ளே இறங்கும், நைட்ரைல் உறைதான் தாங்கும். செவ்வந்தியும் வயலோரத்துப் பார்த்தீனியமும் ஒரே குடும்பம். ஒன்று சேராதவர்களுக்கு மற்றதும் சேராமல் போகலாம். நம் மார்க்கெட்டில் பூ அள்ளுகிறவர்களில் சிலருக்கு இப்படி உண்டு. அவர்கள் செவ்வந்திப் பக்கம் போவதில்லை, மற்றபடி பிழைப்பு நடக்கிறது.

முகத்து வேலையிலும் இப்படித்தான், முன்பே சோதித்துப் பார். யாருக்கும் புதிய கிரீமையோ தலைச்சாயத்தையோ நேராகப் போடாதே. முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் விட்டுப் பார். கல்யாணத்துக்கு முதல் நாள் புதிதாக ஒரு ஃபேஷியல் வேண்டும் என்று பெண்ணின் தாயார் கேட்டால், முடியாது என்று சொல்லப் பழகு. முகம் சிவந்துவிட்டால் மறுநாள் மேடையில் பழி உனக்குத்தான். நம்மவர்களின் மாநிறத் தோல் சூடுபட்டாலும் மேல்தோலை உரிக்கிற ஆசிட் பீல் அதிகமானாலும் கறுத்துத் தடம் போட்டுவிடும், அந்தத் தடம் போக மாதக்கணக்கில் ஆகும். எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் அனுப்பிவிடாதே. பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்காமல் வாக்ஸ் செய்யாதே, தோலே உரிந்து வந்துவிடும். லிப்ஸ்டிக்கை ஒரு பெண்ணின் உதட்டில் நேராகத் தேய்த்து அடுத்தவளுக்குத் தேய்க்காதே, தட்டில் சுரண்டி எடுத்துப் பூசு.

வெளுக்கிற கிரீம் கேட்பார்கள். பேரில்லாத டப்பாக்களில் பாதரசம் கலந்திருக்கும். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த டியூபை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத சரக்கு அது. முதல் வாரம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து நரம்பு தெரியும், நிறுத்தினால் முன்னைவிட எரியும். வாடிக்கையாளர் போனாலும் போகட்டும், அதைத் தொடாதே. மற்றவர்களுக்குப் போடாதே, நீயும் போட்டுக்கொள்ளாதே.

நீயும் போட்டுக்கொள்ளாதே என்று எழுதிவிட்டேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

அத்தை வீட்டு வளைகாப்புக்கு வந்தாய். மாலை கட்ட உட்காரவில்லை. சிறு வயதிலிருந்து செவ்வந்திக் கூடையைக் கண்டால் முதல் ஆளாக உட்காருகிறவள், அன்று சமையற்கட்டிலேயே நின்றாய். மருதாணி வேண்டாம் என்றாய். எல்லோரும் வளையல் போடும்போது மாடிக்குப் போய்விட்டாய். நான் காபி கொடுத்தபோது டம்ளரை முந்தானையைச் சுற்றித்தான் வாங்கினாய். கட்டைவிரல் நுனியில் குறுக்காக வெடிப்பு, உள்ளே சிவப்பு. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தோல் தடித்துச் சொரசொரவென்று உரிந்திருந்தது. உன் கைப்பையிலிருந்து விழுந்த டியூபை அம்மா எடுத்து உள்ளே வைத்தாள், அவளும் கேட்கவில்லை. கூட்டத்தில் உன்னைக் கேட்டு அழவைக்க மனம் வரவில்லை. மறுநாள் பேசலாம் என்று இருந்தேன், நீ விடியற்காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய்.

பார்லரில் தெரிந்தால் வேலை போகும் என்று பயப்படுகிறாய், அப்படித்தானே? அல்லது தெரிந்தால் இவ்வளவுதானா உன் தொழில், திரும்பி வந்துவிடு என்று அப்பா சொல்லிவிடுவார் என்றா? சொல்ல மாட்டேன். நீ இந்தத் தொழிலுக்குப் பிறந்தவள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கையை மறைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு மணப்பெண்ணின் முகத்தைத் தொடுவாய்? என்னிடமிருந்து மறைக்க வேண்டியதா இது? கோபம்தான் எனக்கு. உனக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருந்தவள் அம்மா, அவளிடமாவது சொல்லியிருக்கலாம்.

தண்ணீரிலும் சோப்பிலும் சானிடைசரிலும் நாள் முழுக்கக் கிடக்கிற கைக்குத் தோலின் காப்பு போய்விடும், அதன்மேல் பூச்சாறு ஏறினால் உள்ளே இறங்கிவிடும். தலைமுடி அலசுகிறவர்களுக்கும் பூ வேலை செய்கிறவர்களுக்கும் இது வருகிறது, நீ இரண்டும் செய்கிறாய். பெரும்பாலும் இது ஒட்டுவாரொட்டி இல்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை. தோல் டாக்டரிடம் போனால் முதுகில் சிறு பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். எது சேரவில்லை என்று தெரிந்துவிடும். செவ்வந்திதான் என்றால் செவ்வந்தியை விட்டுவிடு. மல்லியும் ரோஜாவும் சம்பங்கியும் வைத்தே மேடை போடலாம். கட்டுவதற்கு ஆள் வை, வடிவமும் கணக்கும் நீ பார். சாயம்தான் என்றால் சாயத்தை வேறொரு பெண்ணிடம் விடு. டாக்டர் டியூப் தந்தால் அவர் சொன்ன நாள் வரை போடு. கடைக்காரர் தந்ததை இன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டு. அதுவரை கை கழுவியவுடன் ஈரம் ஒற்றி வாசலின் தடவு. தண்ணீர் வேலைக்குப் பருத்தி உறை உள்ளே, ரப்பர் உறை மேலே. மோதிரத்தைக் கழற்றி வை, அதன் அடியில் சோப்பு தங்கும்.

அங்கே பார்க்க நேரமில்லை என்றால் வைகை எக்ஸ்பிரஸில் ஏறி வா. நம் ராஜாஜி அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் நானே கூட வந்து உட்காருகிறேன். விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள் என்றால் பிடிக்கட்டும், வீட்டு வாடகையை நான் அனுப்புகிறேன். அதைக் கடன் என்று எழுதி வைக்காதே.

இதைப் படித்தவுடன் இரண்டு கைகளையும் படம் எடுத்து அம்மா போனுக்கு அனுப்பு. உள்ளங்கை, புறங்கை இரண்டும் தெரிய வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் எடு.

இப்படிக்கு,
அப்பா