நடைபாதைப் பலகைக்கு நிறையும் வேண்டும், காப்புறுதியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடைக்காரர் நடைபாதையில் இரு சட்டங்களை A வடிவில் விரித்து வைக்கும் விளம்பரப் பலகைகளை முற்றாக அகற்ற வேண்டும் என்று ஒரு சாராரும், சிறு வியாபாரியின் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று இன்னொரு சாராரும் பேசி வருகிறார்கள். பலகை செய்து கொடுப்பவர்களும் காப்புறுதி வேலையில் இருப்பவர்களுமான நாங்கள் இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருப்பதாக உறுதியாக நம்புகிறோம். கடைக்கு ஒரு பலகை. அதற்கு அளவும் நிறையும் விதித்து, வழிப்போக்கருக்கு நேரும் காயத்துக்கு ஈடு கொடுக்கும் பொதுப் பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா என்று பார்த்து, உள்ளூராட்சிச் சபை வருடா வருடம் அனுமதி கொடுக்கட்டும். ஒழுங்கைக்குள்ளும் மேல்மாடியிலும் கடை வைத்திருப்பவருக்கு வீதியோரப் பலகைதான் வாசல்.

முதல் ஆபத்து காற்று. வைகாசி தொடக்கம் சோளகம் அடிக்கும் மாதங்களில் கவிழும் பலகைகளில் பெரும்பாலானவை பாரம் போதாதவை. 60 சென்ரிமீற்றர் அகலம், 90 சென்ரிமீற்றர் உயரம், கால்களுக்கு இடையில் 50 சென்ரிமீற்றர் உள்ள ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று அதை ஏறத்தாழ 5 கிலோ விசையோடு தள்ளும். கவிழாமல் நிற்க மொத்த நிறை 9 கிலோவாவது வேண்டும். காற்று 60 கிலோமீற்றரானால் தள்ளும் விசை இரண்டு மடங்குக்கு மேல் கூடும்; அப்போது 20 கிலோ வேண்டும். ஒரு அங்குலப் பொக்ஸ்பாரில் (சதுர இரும்புக் குழாய்), 1.2 மில்லிமீற்றர் தடிப்பில், இரு பக்கச் சட்டத்துக்கும் 6 மீற்றர் போகும். அதன் நிறை 5 கிலோ அளவுதான். அதில் ஃபிளெக்ஸ் இழுத்துக் கட்டி வாசலில் விட்டால் சாதாரண காற்றுக்கே சரியும்.

மேல் சட்டத்தில் செங்கல் வைப்பதால் பயனில்லை. பலகையோடு அதுவும் சேர்ந்து விழும். பாரம் அடியில் இருக்க வேண்டும். 5 லீற்றர் பிளாஸ்ரிக் கலனில் தண்ணீர் நிரப்பினால் 5 கிலோ, காய்ந்த மணல் நிரப்பினால் 8 கிலோ. மணல் நிரப்பிய இரண்டு கலன்களைக் கீழ்ச் சட்டத்தில் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டினால் 5 கிலோப் பலகை 21 கிலோவாகிவிடும். உரப்பையில் மணல் கட்டுவோரும் உண்டு. அந்தப் பை வெயிலில் சில மாதங்களில் இற்று, மணல் நடைபாதையில் கொட்டும். உயரத்தில் ஆசைப்பட வேண்டாம். அகலத்தை மாற்றாமல் உயரத்தை இரட்டிப்பாக்கினால் காற்றுப் படும் பரப்பும் இரட்டிக்கும், அது தள்ளும் உயரமும் இரட்டிக்கும். கவிழ்க்கும் வலு நான்கு மடங்காகும். நடந்து வருபவர் 10 மீற்றரில் வாசிக்க 5 சென்ரிமீற்றர் எழுத்தே போதும். இரண்டு ஆள் உயரத்தில் நட்டு வைக்கும் கொடிப் பதாகைகளை நடைபாதையில் அனுமதிக்கவே கூடாது.

இன்னொரு பழுது, இரு சட்டங்களையும் மேலே இணைக்கும் பிணைச்சலில் வரும். உப்புக்காற்றில் சாதாரண ஆணி துருப்பிடித்து, ஒருநாள் கால்கள் இரண்டும் அகன்று பலகை தட்டையாக விழும். நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணியும், இரு பக்கமும் ஒரே நீளத்தில் சங்கிலியும் போட்டால் இது நேராது. ஒரு பக்கம் மட்டும் கயிறு கட்டினால் பலகை முறுகும். மின்கம்பத்தில் கட்டுவது தவறு: கம்பம் கடைக்காரருடையது அல்ல, காற்றில் பலகை அதைச் சுற்றிச் சுழன்று அடிக்கும். விளக்கு வேண்டுமென்றால் மின்மாற்றியைக் கடைக்குள் வைத்து 12 வோல்ற்று வயரை மட்டும் வெளியே எடுங்கள். 230 வோல்ற்று வயர் மழைத் தண்ணீரில் கிடக்கவே கூடாது.

இடைவெளியில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. சக்கர நாற்காலியைக் கையால் உருட்டிப் போக 90 சென்ரிமீற்றர் வேண்டும். பக்கத்தில் ஒருவர் துணைக்கு நடந்தால் 1.5 மீற்றர். பலகை வைத்த பின் 1.5 மீற்றர் மிஞ்சாத நடைபாதையில் பலகையே வேண்டாம், சுவரில் மாட்டட்டும். ஆஸ்பத்திரி வீதியில் ஊன்றுகோலோடும் கட்டுப்போட்ட காலோடும் நடப்பவர்களைப் பார்த்தால் இது ஏன் என்று விளங்கும். பார்வையற்றவரின் வெள்ளைப் பிரம்பு நிலத்தை ஒட்டித்தான் தடவி வரும். கால்கள் மட்டும் நிலத்தில் பட்டு நடுவில் வெளியாக இருக்கும் பலகையின் அடியில் பிரம்பு நுழைந்துவிடும், முழங்கால் போய் முட்டும். ஆகவே நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றருக்குள் ஒரு குறுக்குச் சட்டம் கட்டாயம். சந்தி மூலையிலும் பஸ் தரிப்பிடத்திலும் வைக்கக்கூடாது. 90 சென்ரிமீற்றர்ப் பலகை பெரியவரை மறைக்காது, சிறு பிள்ளையை முழுதாக மறைக்கும். வடிகான் மூடியின் மேலும் வேண்டாம். கடை பூட்டும்போது பலகை உள்ளே போக வேண்டும்.

இனிக் காப்புறுதி. “எங்களிடம் காப்புறுதி இருக்கிறது” என்று சொல்லும் முதலாளிகள் பலர் வைத்திருப்பது தீ, வெள்ளம், களவு ஆகியவற்றுக்கான கடைக் காப்புறுதி. அது காப்பது அவருடைய கட்டடத்தையும் சரக்கையும். பலகை சரிந்து வழிப்போக்கரின் கை முறிந்தால் அதிலிருந்து ஒரு சதமும் வராது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பது உண்மை. ஆனால் நாளுக்கு 3,000 ரூபா உழைப்பவர், மாதம் 25 நாள் வேலை செய்பவர், மூன்று மாதம் வீட்டில் இருந்தால் அவருடைய இழப்பு 2,25,000 ரூபா. அந்தக் குடும்பத்துக்கு அதை யார் கொடுப்பது? சிறு கடை ஒன்றின் கையிருப்பு அதைத் தாங்குமா?

இதற்கு வேண்டியது பொதுப் பொறுப்புக் காப்புறுதி. தனியாகவும் எடுக்கலாம், கடைக் காப்புறுதியோடு சேர்த்தும் கேட்கலாம். விண்ணப்பத்தில் “கடைக்கு வெளியே நடைபாதையில் வைக்கப்படும் நகர்த்தக்கூடிய விளம்பரப் பலகை” என்று அளவோடு எழுதுங்கள். எழுதாமல் விட்டால், காப்புறுதி கடை எல்லைக்குள் மட்டும்தான் என்று சொல்ல நிறுவனத்துக்கு இடம் கிடைக்கும்; உண்மையை மறைத்தீர்கள் என்றும் சொல்லலாம். ஒரு விபத்துக்கு உச்சத் தொகை எவ்வளவு, முழு வருடத்துக்கும் எவ்வளவு, முதலில் நீங்களே பொறுக்க வேண்டிய தொகை எவ்வளவு என்று மூன்று எண்களையும் கேட்டு வாங்குங்கள். கடை ஊழியருக்கு நேரும் காயம் இதில் அடங்காது. அதற்கு வேலையாட்கள் நட்டஈட்டுக் காப்புறுதி வேறு.

விபத்து நடந்தால் காயப்பட்டவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அது பொறுப்பை ஏற்பது ஆகாது, ஒரு கணமும் தயங்க வேண்டாம். பலகையை நிமிர்த்த முன்னர் கிடந்தபடியே படம் எடுங்கள். பாரக் கலன்களும் படத்தில் தெரியட்டும். கண்டவர்களின் பெயரைக் குறித்து, நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். “எல்லாச் செலவும் நான் தருவேன்” என்று எழுதிக் கொடுத்தால், தங்கள் சம்மதம் இல்லாமல் பொறுப்பேற்றதாகச் சொல்லி நிறுவனம் மறுக்கலாம். நட்டஈட்டு வழக்கை 2 வருடத்துக்குள் தொடரலாம் என்பதால் முடிந்துபோன காப்புறுதிப் பத்திரத்தையும் எறிய வேண்டாம். விபத்து நடந்த நாளில் செல்லுபடியான பத்திரமே பேசும். நிறுவனம் நியாயமின்றி மறுத்தால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

அனுமதி கேட்கப் போகிறவர் முதலில் வீதி யாருடையது என்று பார்க்க வேண்டும். கண்டி வீதி போன்ற ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகை வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், மற்றவை உள்ளூராட்சிச் சபைக்கும் உரியவை. மூன்று கந்தோர் ஏறி இறங்கச் சிறு வியாபாரியால் முடியாது. விண்ணப்பத்தைச் சபையே ஏற்று, மற்ற இரு இடங்களின் சம்மதத்தையும் தானே பெற்றுக் கொடுக்கட்டும். 1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும் 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் உபவிதி (தங்கள் எல்லைக்கான விதி) ஆக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்குத் தந்திருக்கின்றன. விண்ணப்பத்தோடு வியாபாரப் பதிவு, சோலைவரிப் பற்றுச்சீட்டு, அளவு குறித்த ஒரு வரைபடம், காப்புறுதிப் பத்திரப் பிரதி ஆகியவை போதும்.

பிரித்தானியாவில் பல சபைகள் இத்தகைய பலகைக்கு 50 இலட்சம் பவுண் பொறுப்புக் காப்புறுதி கேட்கின்றன. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் காப்புறுதிப் பத்திரத்தில் நகர சபையின் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். வழக்கு வந்தால் சபைக்கும் பாதுகாப்பு. எடின்பரோ நகரம் 2018 இல் நடைபாதைப் பலகைகளை முற்றாகத் தடை செய்தது. எங்கள் நகருக்குத் தடை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 50 இலட்சம் பவுணும் வேண்டாம்; இங்கத்தைய வருமானத்துக்கு ஏற்ற ஒரு தொகையைச் சபை நிர்ணயிக்கட்டும்.

தனித்தனியே எடுக்கக் கட்டுப்படியாகாத கடைகளுக்காக, ஒரு வீதியின் வர்த்தகர் சங்கம் கூட்டுக் காப்புறுதிக்கு விலை கேட்டுப் பார்க்கலாம். நிறுவனத்திடம் போகும்போது ஒவ்வொரு கடையின் பெயர், சோலைவரி இலக்கம், பலகையின் அளவு, பாரத்தோடு நிறை, வைக்கும் இடத்தின் படம் ஆகியவற்றை ஒரே பட்டியலாகக் கொண்டு போங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு மாதம் முந்தியே கேட்டால் பத்திரம் நேரத்துக்குக் கைக்கு வரும்.

இப்படிக்கு,
விளம்பரப் பலகை, காப்புறுதித் தொழில்களில் உள்ளோர் சிலர்,
யாழ்ப்பாணம்.