மன்னித்ததாகக் கடிதம் கேட்டு வராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். என் தங்கையைக் கொன்றவரின் அக்கா. 17 வருடங்களாக அவரும் என்னோடு பேசியதில்லை, நானும் பேசியதில்லை. "அண்ணே, அவனுக்கு பரோல் வருது, ஜெயில்லேர்ந்து விடலாமான்னு பாக்கப் போறாங்க. எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. ஆயிரம் இருந்தாலும் அந்தப் புள்ளைக்கு அப்பா" என்றார். எனக்கு வாயே வரவில்லை. சுத்தம் செய்யக் கொடுத்த வௌவால் மீனை அப்படியே விட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று பேர் இதே கோரிக்கையோடு வந்துவிட்டார்கள். ஒருவர் ஈசூன் புனித மரம் கோயிலில், சாப்பாட்டுப் பந்தியில், இலையில் சாம்பார் விழுந்துகொண்டிருக்கும்போது. நல்ல மனிதர்தான். மன்னித்தால் மனசு லேசாகும் என்று எனக்கு எடுத்துச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எல்லாரும் உங்கள் நாளிதழ் படிப்பவர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் தங்கை கல்யாணமாகி இங்கிலாந்துக்குப் போனாள். லெஸ்டர் நகரில் குடித்தனம். 2008 கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, சமையலறையில் வைத்து அவள் கணவர் அவளைக் கத்தியால் குத்திக் கொன்றார். ஏழு வயது மகள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கினாள் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். உடல் எங்கள் கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து மண்டாயில் தகனம் செய்தோம். பிள்ளையை நானும் என் மனைவியும் ஈசூனுக்குக் கூட்டிவந்து வளர்த்தோம். இதைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்.

"ஆயுள் தண்டனைன்னா சாகிற வரைக்கும் இல்லையா?" என்று பலர் கேட்கிறார்கள். நான் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன், சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் ஆகிவிட்டது. நம் சிங்கப்பூரில் ஒரு காலத்தில் ஆயுள் என்றால் 20 வருடம் என்று கணக்கு. 1997 ஆகஸ்ட் 20-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அதற்குப் பிறகு நடந்த குற்றங்களுக்கு ஆயுள் என்றால் ஆயுள்தான். 20 வருடம் கழிந்தபின் மறுபரிசீலனை உண்டு. காப்பிக்கடையில் இன்றும் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் முறை வேறு. கொலைக்கு ஆயுள் தண்டனை கட்டாயம். ஆனால் குறைந்தது எத்தனை வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்பதை நீதிபதி தீர்ப்பிலேயே சொல்லிவிடுவார். இவருக்கு 16 வருடம், அதில் விசாரணைக் காவலில் இருந்த நாள்கள் கழிவு. அது முடிந்ததும் கதவு தானாகத் திறந்துவிடாது. பரோல் வாரியம் கூடிப் பார்க்கும். வெளியே விட்டாலும் சாகும்வரை நிபந்தனைகள் உண்டு. மீறினால் மறுபடி உள்ளே இழுக்கலாம்.

இன்னொரு பேச்சும் உண்டு. "இங்க நடந்திருந்தா தூக்குதான்." உண்மை. 2008-இல் சிங்கப்பூரில் கொலைக் குற்றம் உறுதியானால் மரண தண்டனை கட்டாயம். 2013-இலிருந்துதான் சில வகைக் கொலைகளுக்கு நீதிபதி ஆயுள் தண்டனையும் கொடுக்கலாம் என்று ஆனது. என் அம்மா கண்மூடும்வரை அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து வருடம் நானும் சொன்னேன். அப்புறம் ஒரு நாள் ராத்திரி, பதினாறு வயதுப் பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே, "அங்க அவருக்கு என்ன மாமா சாப்பாடு போடுவாங்க?" என்று கேட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்துக்கென்று அங்கே ஒரு தொடர்பு அதிகாரி இருக்கிறார். பரோல் விசாரணைக்கு நாங்கள் ஒரு வாக்குமூலம் எழுதித் தரலாம் என்றார். நான்கு பக்கம் எழுதினேன். கடைசிப் பக்கம் முழுக்க 'விடாதீர்கள், விடாதீர்கள்' என்பதுதான். அந்த அம்மா மிகவும் பொறுமையாகச் சொன்னார்: அந்தப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும். விடலாமா கூடாதா என்று குடும்பம் கருத்துச் சொல்ல அதில் இடமில்லை. நடந்தது உங்களை என்ன செய்தது, இன்றும் என்ன செய்கிறது, அதை மட்டும் எழுதுங்கள் என்றார். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இப்போது யோசித்தால் அதுதான் என்னைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. அவர் வெளியே வந்தாலும் வராவிட்டாலும் அது என் கையெழுத்தால் நடந்ததாக இருக்காது.

இதைத்தான் கடிதம் கேட்பவர்கள் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார்கள். வாரியத்தின் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இவரால் இனி மற்றவர்களுக்கு ஆபத்து உண்டா, அதற்காக இன்னும் அடைத்துவைக்க வேண்டுமா. அதற்கு மனநல நிபுணரின் அறிக்கை இருக்கிறது, சிறை அதிகாரிகள் இருக்கிறார்கள், அவர் உள்ளே என்னென்ன பயிற்சி முடித்தார் என்ற விவரம் இருக்கிறது. 17 வருடமாக நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததில்லை. அவரால் ஆபத்து இல்லை என்று நான் எந்த வாயால் எழுத முடியும்? உண்டு என்றும்தான் எப்படி எழுத முடியும்?

எடுத்துவிட்ட பக்கத்துக்குப் பதிலாக வேறு எழுதினேன். எங்கள் வீட்டில் ஐந்து வருடம் கத்தி கிடையாது. பிள்ளை கத்தியைப் பார்த்தால் வெளிறிப்போவாள். பூசணிக்காயை சோங் பாங் சந்தையில் காய்கறிக்காரரே துண்டு போட்டுத் தருவார். என் மனைவி பீன்ஸையும் கோழியையும் கத்தரிக்கோலால் நறுக்குவாள். வெங்காயத்துக்கு என்ன செய்தாய் என்று இப்போது கேட்டால், "உரல்ல போட்டு இடிச்சேன்" என்கிறாள். எனக்கு அதுவே தெரியாது; காலை ஷிஃப்ட்டுக்கு நாலரை மணிக்குக் கிளம்பிப் போய்விடுவேன். நான் எழுதுவதைச் சிறையில் இருக்கும் அவரும் படிப்பாராம். காட்டக்கூடாது என்றால் தனியாக மனுச் செய்ய வேண்டும். நான் செய்யவில்லை. வெங்காயத்தைப் பற்றி அவரும் படிக்கட்டும்.

நிபந்தனைகள் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. பிள்ளையோடு எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று கேட்டிருக்கிறோம். அவர் நுழையக் கூடாத பகுதி ஏதாவது உண்டா என்று தொடர்பு அதிகாரி தொலைபேசியில் கேட்டபோது, நான் யோசிக்காமல் "ஈசூன்" என்றேன். அந்த அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, அனுமதி இல்லாமல் அவர் நாட்டைவிட்டே போக முடியாது என்று விளக்கினார். வைத்தபின் நானும் என் மனைவியும் சிரித்துவிட்டோம்.

பிள்ளைக்கு இப்போது 24 வயது. அவளும் ஒரு வாக்குமூலம் எழுதி அனுப்பியிருக்கிறாள். என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா என்று எழுதினாளா, பெயரைச் சொல்லி எழுதினாளா, அதுகூட எனக்குத் தெரியாது. அவள் மன்னித்தால் அது அவளுடையது. அதைச் சொல்லவோ தடுக்கவோ மாமாவுக்கு உரிமை இல்லை, அத்தைக்கும் இல்லை. இதை எழுதக் காரணமே அதுதான். போன வாரம் யாரோ அவளுடைய எண்ணைக் கண்டுபிடித்து, வாட்ஸ்அப்பில் அவருடைய பழைய கல்யாணப் படத்தை அனுப்பி, "அப்பாவை நினைச்சுப் பாரும்மா" என்று எழுதியிருக்கிறார்கள். அவள் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

விசாரணை ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. இப்போது அடுத்த மாதம் என்கிறார்கள். அங்கே காலை 10 மணி, நமக்கு மாலை 6. காணொளி வழியாக நான் என் பங்கை வாசித்துவிட்டு வெளியேறிவிடுவேன். முடிவு தெரிய இரண்டு வாரம் வரை ஆகும். அதுவரை, அதற்குப் பிறகும், என்னைச் சந்தையில் பார்த்தால் மீன் விலையைப் பற்றிப் பேசுங்கள், பேசுகிறேன். அவளுக்கு மட்டும் எதையும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
ஈசூன்