பேசியவர்கள் பட்டியல்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்குக் குடிமைப் பண்பையும் உணர்வுகளைக் கையாளும் திறனையும் பள்ளியிலேயே கற்றுத்தர வேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம், புதிதாக ஒரு புத்தகம் அச்சிடும் யோசனையும் கூடவே வந்துவிடுகிறது. அரசு நடுநிலைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் சமூக அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். புத்தகத்தில் குறையே இல்லை. ஆறாம் வகுப்புக் குடிமையியல் பன்முகத்தன்மையில் தொடங்குகிறது; அடுத்த பாடம் சமத்துவம். 'தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம்' என்ற வரிகளைப் பாடநூலின் முன்பக்கத்தில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் புத்தகத்தைச் சுமக்கும் கையிலேயே சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிவந்த பிள்ளைகளுக்கும் நான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் சாதிப் பகையால் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய வழக்கில் பிடிபட்டவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன்பின், பள்ளிகளில் சாதி வேற்றுமையைத் தவிர்க்க வழி சொல்ல அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகரவரிசைப்படி இருக்கை, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை அறநெறி வகுப்பு என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. அந்த ஒரு பாடவேளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எங்கள் கால அட்டவணையிலும் 'நீதிபோதனை' என்று ஒரு கட்டம் இருந்தது. காலாண்டுத் தேர்வு நெருங்கியதும் கணக்கு ஆசிரியர் கேட்பார், கொடுத்துவிடுவோம். பாடம் முடிக்க வேண்டும் என்று நானே அதை எடுத்துக்கொண்டதும் உண்டு. இன்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

ஒரு குழந்தை முதன்முதலில் காணும் அரசாங்கம் வகுப்புத் தலைவன்தான். ஆசிரியர் வெளியே போனதும் கரும்பலகை ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதிக் கோடு போட்டுப் பெயர்களை அடுக்குவான். வேண்டியவன் பெயரை அழிப்பான். வேண்டாதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறியைக் கூட்டிக்கொண்டே போவான். அவனை நியமித்தவர்கள் நாம்.

ஒரு வருடம் ஏழாம் வகுப்பில் இதை நிறுத்தினேன். சாக்பீஸ் டப்பாவில் துண்டுச்சீட்டுப் போட்டுத் தேர்தல். மாதத்துக்கு ஒரு தலைவர். பெயர் எழுதும் அதிகாரம் கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரத்துச் சண்டைகளைப் பிள்ளைகளே பேசித் தீர்க்க வேண்டும்.

முதலில் வந்தது சத்துணவு வரிசையில் நடந்த அடிதடி. அடித்தவனிடம் ஏன் அடித்தாய் என்றால், "கோபம் வந்தது டீச்சர்." எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான். அவமானம், பயம், பொறாமை, ஏமாற்றம், ஏக்கம் என்று பலகையில் எழுதி, இவற்றில் எது என்று கேட்டேன். எழுந்து வந்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு 'அவமானம்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தான். தன் தட்டோடு அவன் தட்டு படக் கூடாது என்று மற்றவன் காலால் தள்ளியிருக்கிறான். வகுப்பே அமைதியாகிவிட்டது. நாளை முதல் எல்லாத் தட்டுகளையும் ஒரே அடுக்காக வைத்து எடுக்கலாம் என்று ஒரு மாணவி சொன்னாள். கைதூக்கி முடிவு செய்தார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு வாரத்தில் இன்னொரு தகராறு வந்தது. ஆனால் அடித்துக்கொள்ளாமல் வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தார்கள்.

குறிஞ்சி, முல்லை என்று ஐந்திணைப் பெயரில் மாணவர் குழுக்களை அமைக்கும் 'மகிழ் முற்றம்' திட்டத்தை மனதார வரவேற்கிறேன். அந்தக் குழுக்களுக்குப் பொறுப்போடு முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். அறநெறி வகுப்புக்கு மதிப்பெண் வேண்டாம். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-இல் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தைத் தேர்வே இல்லாமல்தான் வகுத்தார்கள். வட்டத்தில் எப்படி உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்பது என்று ஆசிரியர்களையும் பழக்க வேண்டும். எங்களுக்கு யாரும் பழக்கவில்லை. வகுப்பு நடந்ததற்குப் படம் எடுத்துக் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்று என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டால் படம் ஏறும், வகுப்பு நடக்காது.

அந்தப் பாடவேளையை வேறு எந்தப் பாடத்துக்கும் எடுக்கக் கூடாது என்று கல்வித்துறை எழுத்தில் ஆணையிடட்டும். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது 'பேசியவர்கள்' பட்டியலுக்கும் ஒரு சுற்றறிக்கை முற்றுப்புள்ளி வைக்கட்டும். அதற்குப் புதுப் புத்தகமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியை,
தென்காசி மாவட்டம்.