அடிமரம் வெறும் குழாயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு மாணவர் அறிவியல் பக்கத்தில், “அடிமரம் என்பது வேர் உறிஞ்சும் தண்ணீரை இலைக்கு ஏற்றும் குழாய் மட்டுமே” என்று அச்சிட்டிருந்தீர்கள். பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, நம்பி வயிறு வளர்த்த சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படி ஐயா படிப்பது?

பிப்ரவரி, மார்ச்சில் எங்கள் மரங்கள் இலை உதிர்ப்பதைத் தாங்கள் அறிவீர்கள். இலையுதிர்க்கும் மரம் சத்தையும் சேர்த்து உதிர்ப்பதில்லை. இலை பழுக்கும்போதே அதிலுள்ள புரதம் அமினோ அமிலங்களாகச் சிதைந்து பட்டை வழியே இறங்குகிறது. புரதத்தோடு சேர்ந்திருக்கும் சத்து நைட்ரஜன். இலையின் நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதியை மரங்கள் இப்படி மீட்டுக்கொள்கின்றன. தண்டின் பட்டையிலும் கட்டையிலும் அது சேமிப்புப் புரதமாகவும், அர்ஜினின் என்ற அமினோ அமிலமாகவும் தங்குகிறது. ஆறு கார்பன் அணுவுக்கு நான்கு நைட்ரஜன் அணு வைத்திருப்பது அர்ஜினின். கொஞ்ச இடத்தில் நிறைய சேர்த்து வைக்க ஏற்றது. துளிர்க்கும் காலத்தில் அந்தக் கையிருப்பு உடைந்து, பல மரங்களில் குளூட்டமின், அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலங்களாக மேலேறிக் கொழுந்துக்குப் போகிறது. இதைச் செய்வதா வெறும் குழாய்?

என் தாயார் பால்வெட்டுத் தொழிலாளி. கொழுந்து விடும் நாட்களில் மங்கில், அதாவது பால் சேரும் கோப்பையில், பால் குறைந்துபோகும். “மரம் இப்போ துளிருக்குக் குடுக்குது, நம்மகிட்ட கேட்டா எங்க போவும்?” என்பார். எழுத்தறியாத அவருக்குத் தெரிந்தது தங்கள் பக்கத்துக்குத் தெரியவில்லை.

முன்பும் ஒருமுறை ரப்பர் பாலை மரச்சாறு என்று எழுதினீர்கள். சாறு கட்டைக்குள் ஏறுவது. பால் பட்டைக்குள் தனிக் குழல்களில் ஊறுவது. கத்தி கட்டையைத் தொடக்கூடாது என்பதுதான் வெட்டுக்காரர் கற்கும் முதல் பாடம். அப்போது நான் அனுப்பிய கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பண்டிகை வாழ்த்து விளம்பரம் வந்தால் முதலில் காணாமல் போவதும் இந்தப் பக்கம்தான்.

2003இல் மலேசியப் பள்ளிகளில் அறிவியல் பாடத்தை ஆங்கிலத்துக்கு மாற்றியபோது, தமிழில் அறிவியலைச் சரியாகச் சொல்ல முடியும் என்று வாதாடிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். அன்று எங்களுக்குத் துணையாகத் தங்கள் பத்திரிகையைத்தான் கூட்டங்களில் தூக்கிக் காட்டினோம். அதே பத்திரிகையில் இப்படி ஒரு வரியைப் பார்க்க மனம் கொதிக்கிறது.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், பிள்ளைகள் கண்ணில் படும் எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.