கேட்காமலே வந்த தண்ணீர்

தெருவாசிகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நேற்று கோலூன்றி வாசல் வரைக்கும் நடந்துவிட்டேன். முதுகெலும்பு முறிந்து ஏழு வாரம் மல்லாந்தே கிடந்த எனக்கு, உட்கார்ந்து எழுத முடிந்ததும் முதலில் எழுதத் தோன்றியது இந்த மடல்தான்.

படுத்த முதல் வாரம் வலியைவிடத் தாகம்தான் பெரிய பாடாக இருந்தது. தண்ணீர் எட்டடி தூரத்தில் மேசைமேல் இருக்கும். எழக்கூடாது, யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிடக் கூசும். நாக்கு ஒட்டிக்கொண்டு, விடியட்டும் என்று கிடந்த இரவுகள் உண்டு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயா எப்படியோ அதைக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் மாலை புறநானூற்றோடு வந்து 74ஆம் பாட்டைப் படித்துக் காட்டினார்.

சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் தோற்று, குடவாயில் கோட்டத்தில் சிறைப்பட்டான். தண்ணீர் கேட்டான், உடனே கிடைக்கவில்லை. பிறகு வந்ததைக் கையில் வாங்கியவன் குடிக்காமல் இந்தப் பாட்டைச் சொல்லி உயிர்விட்டான் என்கிறது பாட்டின் கீழ்க்குறிப்பு. குடவாயில் என்பது நம் குடவாசல்தான். கும்பகோணத்திலிருந்து அந்த வழியாக எத்தனை முறை பஸ்ஸில் போயிருப்பேன்! ஒருநாளும் அவன் நினைவு வந்ததில்லை. பள்ளியில் இதை மானத்தைப் பற்றிய பாட்டு என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். படுக்கையில் கேட்டபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தண்ணீரும், அதை ஏந்திய கையும்தான். சங்கிலியில் கட்டிய நாயைப் போல என்று அவன் தன்னையே சொல்லிக்கொள்ளும் இடத்தில் ஐயா குரல் இறங்கியது. நான் அழுதுவிட்டேன்.

அவனை மீட்கத்தான் புலவர் பொய்கையார் சோழனின் போர்வெற்றியைப் புகழ்ந்து களவழி நாற்பது பாடினார் என்று இன்னொரு மரபும் உண்டு. அதுவே நடந்திருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

நூலகத்தில் வேலை பார்க்கும் தங்கை சொன்னது வேறொரு சிறை. ஒடெசாவில் பிறந்த கவிஞர் இரினா ரதுஷின்ஸ்கயாவுக்கு 1983இல் ஏழாண்டுக் கடுங்காவல். சோவியத் முகாமில் சோப்புக்கட்டியின்மேல் தீக்குச்சியால் கவிதையைக் கீறி, மனப்பாடம் ஆனதும் கழுவிவிடுவாராம். அதற்கப்புறம், காலையில் உடம்பு துடைக்க வரும் தம்பி சோப்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். தம்பி, ஒருநாள்கூட முகம் சுளிக்காத உனக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

அந்தப் புறப்பாட்டில் 'கேளல் கேளிர்' என்று ஒரு சொல் வருகிறது. உறவல்லாத உறவினர், பகைவரைத்தான் அப்படிச் சொல்கிறான். அந்தச் சொல் என்னை விடவில்லை. என் அறைக்கு வந்துபோன நீங்கள் யாருமே எனக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. கீழ்வீட்டு அக்கா இரவு ஒன்பது மணிக்குப் படியேறி வருவார். பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர், மேலே கவிழ்த்த டம்ளர், வளைகிற உறிஞ்சுகுழல். என் இடக்கைக்கு எட்டும்படி ஸ்டூலை நகர்த்திவைத்து, ஃபேனைக் குறைத்துவிட்டுப் போய்விடுவார். வேண்டுமா என்று கேட்டதில்லை, என்னைக் கேட்க விட்டதும் இல்லை. நாற்பது இரவுக்கு மேல்.

அக்கா, செம்பைப் புளிபோட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். வாங்கிப்போக மேலே வர வேண்டாம். சனிக்கிழமை நானே படியிறங்கிக் கொண்டுவந்து தருகிறேன்.